எல்லாருக்கும் மைனஸ் இருபது

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், தையல் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே ஹியூபேட்டும் செலீனும் ஒரு வீடியோக் கடை வைத்திருந்தார்கள். புருஷனும் பெண்சாதியுமாகக் காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து, பின்னேரம் பஸ்ஸில் போவார்கள். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, கடைத் திறப்பு, செத்தவருக்கான முப்பத்தோராம் நாள் என்று எல்லாவற்றையும் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பது ஹியூபேட்டின் வேலை. வருகிறவர்களோடு கதைப்பது செலீனின் வேலை.

செலீனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஒருவருடைய முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. கதவைத் திறந்து யார் வந்து "எங்கட வீடியோ என்ன மாதிரி?" என்று கேட்டாலும், "ஐயோ, உங்கடதுதான் முதல்ல போகுது" என்பாள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. அந்த நிமிடத்தில் அவளுக்கு எதிரே நிற்கிறவர்தான் உலகத்திலேயே முதல் ஆள். அவர் போய் அடுத்தவர் வந்ததும், அவர் முதல் ஆள்.

ஹியூபேட்டுக்கோ பொய் ஆகாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் வாசலிலேயே நின்றுகொள்ளும் மனிதர். பெண்சாதி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டால் அதை எப்படியாவது மெய்யாக்கிவிட வேண்டும் என்று பாடுபடுவார். இந்த இரண்டு நல்ல குணமும் ஒரே கடைக்குள் இருந்ததுதான் வினை.

கடையில் இருந்தது ஒரே ஒரு கணினி. முன்பு ஒருமுறை வைரஸ் புகுந்து ஒரு கலியாணத்தையே தின்றுவிட்டதால், பக்கத்து மாடியில் இருந்த தர்ஷன் என்ற பொறியியலாளர் மெல்பேணுக்குப் போகுமுன் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். போகும்போது ஒரு சின்ன வித்தையும் சொல்லிவிட்டுப் போனார். கணினிக்குள் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது சைபர். எண் குறையக் குறைய அந்த வேலைக்கு முன்னிடம். எல்லாருக்கும் முன்னால் நிற்பது மைனஸ் இருபது, எல்லாருக்கும் பின்னால் நிற்பது பத்தொன்பது. முன்னுக்குக் கொண்டுவரப் பாஸ்வேர்ட் வேண்டும். பின்னுக்குத் தள்ள ஒன்றும் வேண்டாம்.

ஹியூபேட்டுக்கு இது ஆண்டவர் காட்டிய வழியாகத் தெரிந்தது. வாடிக்கையாக வரும் இராமலெட்சுமியிடம், அவளுடைய மகளின் சாமத்தியச் சடங்கு வீடியோதான் முதலில் போகும் என்று செலீன் சொன்ன அன்று, அவர் பாஸ்வேர்டைத் தட்டி அந்த வேலைக்கு மைனஸ் இருபது போட்டார். வாக்கு மெய்யாகிவிட்டது. சந்தோஷத்தில் செலீன் இராமலெட்சுமியைக் கூப்பிட்டுத் திரையையும் காட்டினாள்.

"இஞ்ச பாருங்க, உங்கடதுக்கு மைனஸ் இருபது. இதுக்கு மேல ஒண்டுமில்ல."

"அப்புடிங்களா அக்கா? மைனஸ்னா கொறைச்சலில்லையா?"

"இதில குறையத்தான் பெருமை."

இராமலெட்சுமி அதைத் தன் வேலைத்தலத்தில் போய்ச் சொன்னாள். அங்கிருந்து கதை எப்படி ஓடியதோ தெரியாது, இரண்டு மாதத்துக்குள் கடைக்கு வருகிறவர்கள் கதவைத் திறக்கும்போதே அந்த எண்ணைக் கேட்கத் தொடங்கினார்கள். தெஹிவளையில் புதிதாகத் துணிக்கடை திறந்த பௌஸி, திறப்பு விழா வீடியோவுக்கு வந்து மேசையில் கையூன்றி நின்று, முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் 'நானா'வோடு தொடங்கினார்.

"ஹியூபேட் நானா, எனக்கி மைனஸ் இருபத்தஞ்சு போடுங்க."

"இருபதுக்கு அங்கால போகாது, பௌஸி."

"செல்லிப் பாருங்களேன். தெரிஞ்ச ஆளெண்டு செல்லுங்க."

"ஆருக்கிட்டச் சொல்ல? கொம்பியூட்டருக்கா?"

"அப்ப மத்தவங்களுக்கு என்ன போட்டீக்கிறீங்க?"

ஹியூபேட் பொய் சொல்ல மாட்டாரே. "எல்லாருக்கும் மைனஸ் இருபதுதான்" என்றார்.

"அப்ப எனக்கும் அதே போடுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்" என்று பௌஸி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியே, நான் சொல்லப்போகும் வியாழக்கிழமை காலையில், அந்தப் பழைய கணினிக்குள் நான்கு வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. இராமலெட்சுமி வீட்டுச் சடங்கு இரண்டாம் பாகம். பௌஸியின் கடைத் திறப்பு. ஜெயராணி அக்காவின் மாமனாருக்கு அன்று பின்னேரம் நடக்க இருந்த முப்பத்தோராம் நாளுக்கான நினைவு வீடியோ. நான்காவது, ஹியூபேட் பூசைக்குப் போகும் கோயிலின் திருநாள். ஆண்டவருடைய வேலையை எப்படிக் கீழே போடுவது என்று அதற்கும் மைனஸ் இருபது. நான்கும் முதல் நாள் மத்தியானத்திலிருந்து ஓடுகின்றன.

பத்து இருபதுக்கு ரதி வந்தாள்.

ரதிக்குப் போன வருடம் வெள்ளவத்தையில்தான் கலியாணம். மாப்பிள்ளை திலக்ஷன் கனடாவில். கலியாணம் முடித்துப் பதினெட்டு நாளில் திரும்பிப் போனவன், இன்னும் அவளைக் கூப்பிட்டபாடில்லை. விசாவுக்குப் போட்ட இடத்தில், இது மெய்யான கலியாணந்தானா என்று கேட்டு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். கலியாணப் பதிவு எழுதிய அன்று எடுத்த படங்களின் மூலப் பிரதியில் இருபத்தைந்தை, கடிதத்தில் சொன்ன அளவுக்குச் சிறிதாக்கி, சொன்ன நாளுக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். அல்பத்தில் இருப்பதெல்லாம் மெருகு போட்ட படங்கள். மூலப் பிரதி ஹியூபேட்டின் கணினியில் மட்டும்தான் இருந்தது.

அவள் இரண்டு வாரத்துக்கு முன்னே வந்து கேட்டாள். "உங்கடதுதான் முதல்ல, தங்கச்சி" என்றாள் செலீன். போன செவ்வாய் வந்தாள். அதே பதில். இந்தத் திங்கள் வந்தாள். அதே பதில், கூட ஒரு தேத்தண்ணி. இன்று கடைசி நாள்.

"அக்கா, இண்டைக்கு ஒரு மணிக்கு மூடுறாங்கள். ஒரு மணி ஒரு நிமிஷத்துக்குப் போட்டாலும் எடுக்க மாட்டாங்கள். திரும்ப முதலில இருந்து விண்ணப்பிக்கோணும். இன்னொரு வருஷம்."

செலீனின் வாய் பழக்கத்தில் திறந்தது. ரதி கையை நீட்டினாள்.

"முதல்ல எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. தயவுசெய்து."

ஹியூபேட் அவளைப் பக்கத்தில் இருத்தி மௌஸைப் பிடித்தார். அம்புக்குறி அசையவில்லை. மேசையில் மௌஸ் ஒரு முழம் போனபிறகு, திரையில் அம்பு விரல்கடை தூரம் துள்ளி மறுபடி நின்றது. படங்கள் இருக்கும் கோப்புறையின்மேல் அதைக் கொண்டுபோய் நிறுத்த ஆறு நிமிடம். உறை திறக்க ஒன்பது நிமிடம். இதற்குள் பொறுமையிழந்து நாலைந்து தரம் அழுத்திய அழுத்தல்களையெல்லாம் கணினி கடன்காரனைப்போல மறக்காமல் வைத்திருந்து, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றியது. உறை திறந்தது, மூடியது, திறந்தது. இருபத்தைந்து படத்துக்குப் பதிலாக அன்று எடுத்த எண்ணூறு படமும் தெரிவாகி, எண்ணூறையும் சிறிதாக்கும் வேலை தொடங்கிவிட்டது.

"ஐயோ அண்ணா, என்ன செய்றீங்கள்?"

"நான் செய்யேல்ல, அது செய்யுது."

"நிப்பாட்டுங்கோவன்!"

"நிப்பாட்ட அந்தக் குறுக்குக்கோடு போட்ட இடத்தை அழுத்தோணும். அங்க போக..." என்று அம்பைத் தேடினார். அது திரையின் இடது மூலையில், நித்திரை கொள்ளும் பல்லியைப்போல் கிடந்தது.

"பென் டிரைவில கொப்பி பண்ணித் தாங்கோ. நான் வேற கடையில போய்ச் செய்றன்."

"கொப்பி பண்ணவும் மௌஸ் வேணுமே, தங்கச்சி."

பதினொன்றேகால் ஆயிற்று. ரதியின் கைபேசி அதிர்ந்தது. திலக்ஷன்தான். அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். 'போட்டாச்சா?' என்று ஒரு வரி. அவள் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

அப்போது ஹியூபேட் நல்லெண்ணத்தின் உச்சத்தில் ஒரு காரியம் செய்தார். விசைப்பலகையாலேயே, ஓர் எழுத்துக்கு அரை நிமிடமாகக் காத்திருந்து, பாஸ்வேர்டைத் தட்டி, ரதியின் வேலைக்கும் மைனஸ் இருபது போட்டார்.

"இப்ப உங்கடதும் முன்னுக்கு" என்று திரும்பிச் சிரித்தார்.

கேட்டீர்களா? ஐந்து பேர். ஐந்து பேரும் முதல். மூலையில் கிடந்த அம்பு அதற்குப் பிறகு அசையவே இல்லை. திரையின் ஓரத்தில் மணிக்கூடு காட்டும் எண் பதினொன்று இருபத்திரண்டிலேயே நின்றுவிட்டது. சுவரிலிருந்த மணிக்கூடு மட்டும் ஈவிரக்கமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது ரதி எழுந்து, மேசைக்குக் கீழே இருந்த பெட்டியின் பொத்தானில் விரலை வைத்தாள்.

"நிப்பாட்டி எழுப்பப் போறன்."

செலீன் பாய்ந்து வந்து அவள் கையின்மேல் தன் கையை வைத்தாள். "வேண்டாம், தங்கச்சி! நேத்து மத்தியானம் தொடங்கின வேலை. நாலும் அழிஞ்சு போகும். ஜெயராணி அக்காவின்ர இண்டைக்குப் பின்னேரம் வேணும். செத்த வீட்டுக்காரருக்கு நான் என்ன சொல்லுவன்?"

"எனக்கு என்ன சொல்லப் போறீங்கள்?"

செலீன் தலையைக் குனிந்துகொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை. இரண்டு பெண்களும் அந்தப் பெட்டிக்கு முன்னால் முழந்தாளில், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபடி இருந்தார்கள். பல் வைத்தியரின் துளைக்கும் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்டது.

ரதி நிமிர்ந்து, திரையில் நின்ற வேலைகளின் பெயர்களை வாசித்துவிட்டு ஹியூபேட்டைப் பார்த்தாள். கோபம் மிஞ்சிப்போய் ஒரு வகை அமைதி வந்துவிட்டது அவளுக்கு.

"அண்ணா, இராமலெட்சுமி அக்காவுக்கு எத்தனை?"

"மைனஸ் இருபது."

"பௌஸிக்கு?"

"மைனஸ் இருபது."

"எனக்கு?"

"மைனஸ் இருபது."

"இந்த மௌஸுக்கு எத்தனை?"

ஹியூபேட் மௌஸைப் பார்த்தார். "மௌஸுக்கா? அதுக்கு... சைபர்."

"ஏன்?"

"அதுக்கு ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே" என்றார் ஹியூபேட்.

சொன்ன பிறகுதான் அது அவருடைய காதிலேயே விழுந்தது. அம்பை அசைப்பது, எழுத்தைக் காட்டுவது, மணிக்கூட்டை ஓட்டுவது, திரையை வரைவது எல்லாம் கணினிக்குள் யாரோ செய்யும் வேலைதானே. அந்த வேலைக்காரர்களுக்காக மேசையில் கையூன்ற ஒரு பௌஸி இல்லை. முன்னால் நிற்கும் ஐந்து பேரும் சாப்பிட்டு முடித்த மிச்சம்தான் அவர்களுக்கு. ஐந்து பேருக்கோ சாப்பாடு முடிவதே இல்லை.

"அப்ப மற்றவையைப் பின்னுக்குத் தள்ளுங்கோ" என்றாள் ரதி. "தள்ளுறதுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாமெண்டு நீங்கள்தானே சொல்லுவீங்கள்."

ஹியூபேட் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். படங்களெல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அது வரவே இரண்டு நிமிடம் எடுத்தது. முதலில் ரதியின் எண்ணூறு படத்து வேலையை நிறுத்தினார். அடுத்தது கோயில் திருநாள். அங்கே கை நின்றது.

"பங்குச் சுவாமிக்கு நான் சொன்னனான், உங்கடதுதான் முதல்..."

"ஆண்டவருக்குப் போன் எடுக்கத் தேவையில்ல!" என்று கத்தினாள் செலீன். "அவர் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார். தள்ளுங்க!"

பத்தொன்பது. தள்ளிவிட்டார்.

"ஆனா மற்ற மூண்டு பேரிட்டயும் கேக்காம நான் தள்ள மாட்டன், செலீன். நீ வாக்குக் குடுத்திருக்கிறாய்."

ரதி தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். மணி பன்னிரண்டு எட்டு. தள்ள ஒரு வரி போதும், அதற்கு இந்த மனிதர் அனுமதி எடுக்கப் போகிறாராம்.

செலீன் இராமலெட்சுமிக்கு அழைத்தாள். அவள் இரண்டாம் மணியிலேயே எடுத்தாள்.

"அதுக்கென்னாங்க அக்கா, தள்ளுங்க. சடங்கு முடிஞ்சே நாலு மாசமாச்சி. புள்ள இப்ப அந்தப் போட்டோவப் பாத்தாலே வெக்கப்படுது."

பத்தொன்பது.

பௌஸிக்கு அழைக்க வேண்டியிருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்தார். "என்ட வேல முடிஞ்சா?"

ரதி எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவரை அவளுக்கு முன்பின் தெரியாது. "நானா, உங்கட வேலையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளலாமா? இல்லாட்டி நான் என்ர புருஷனிட்டப் போக இன்னும் ஒரு வருஷமாகும்."

பௌஸி அவளைப் பார்த்தார், ஹியூபேட்டைப் பார்த்தார். "தள்ளினா என்ட வேல நிண்டுபோகுமா?"

"நிக்காது" என்றார் ஹியூபேட். "இந்தத் தங்கச்சி மௌஸை அசைக்கிற நேரம் மட்டும் வழி விடும். மிச்ச நேரம் ஓடும்."

"அப்ப எவ்வளவு பிந்தும்?"

ஹியூபேட் யோசித்தார். "ஒரு பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா?" பௌஸியின் குரல் தையல் கடைவரை கேட்டிருக்கும். "அல்லாவே! இந்தப் பத்து நிமிஷத்துக்கா நான் தெஹிவளையிலீந்து மூணுதரம் வந்து மைனஸ் இருபது கேட்டன்? என்னத்துக்கு அத முந்தியே செல்லல்ல?"

"நீங்க கேக்கேல்லையே."

"தள்ளுங்க! பத்தொம்பதில்ல, தொண்ணூறில போடுங்க!"

மூன்று பேர் கழிந்ததும் கறுப்புத் திரையில் எழுத்துகள் தட்டியவுடன் வந்து விழுந்தன. ஆனாலும் ஜெயராணியின் வேலை இன்னும் முன்னால் நின்றது. நினைவு வீடியோவில் பழைய படங்கள் நிறைய என்பதால் எடை கூடின வேலை. கணினியின் நான்கு மூளையையும் அது ஒன்றே கட்டிப் பிடித்திருந்தது. படத்திரைக்குத் திரும்பிப் பார்த்தார்கள். அம்பு துள்ளித் துள்ளித்தான் நகர்ந்தது. பன்னிரண்டு இருபது.

செலீன் ஜெயராணிக்கு அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டாள். பின்னணியில் பாத்திரங்கள் மோதும் சத்தம், யாரோ இலை கேட்கும் சத்தம்.

"செலீன், வீடியோ ரெடியோ? ஆக்கள் நாலு மணிக்கு வரத் தொடங்கிடுவினம்."

"ஓம் அக்கா, அது வந்து... ஒரு பத்து நிமிஷம் பின்னுக்கு விட்டா..."

"பின்னுக்கோ? என்ன கதை கதைக்கிறாய்?" ஜெயராணியின் குரல் உடைந்தது. "மாமா உயிரோட இருக்கேக்க பஸ்ஸில கூட மற்றவைக்கு இடம் விட்டிட்டு நிண்டு வந்த மனுஷன். ஆஸ்பத்திரியிலயும் வரிசையில தனக்குப் பின்னால வந்தவையை முன்னுக்கு விட்டவர். செத்தாப் பிறகாவது ஒரு இடத்தில அவர் முதல்ல நிக்கட்டும், செலீன். நீ சொன்னனீ எல்லே?"

பௌஸி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். ஹியூபேட் ஜெயராணியின் வேலையைத் தள்ளும் வரியைத் திரையில் எழுதி முடித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். இனி ஒரு விசை. அவர் அழுத்த மாட்டார். அது அவருடைய முகத்தில் எழுதியிருந்தது. ரதியும் அழுத்தவில்லை. அந்த விசை அவளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பஸ்ஸில் நின்று வந்த ஒரு மனிதரைத் தன் கையால் பின்னுக்குத் தள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

செலீன் கைபேசியை வாய்க்கு அருகே கொண்டுவந்தாள்.

"ஓம் அக்கா" என்றாள். "அவருடையதுதான் முதல்ல."

சொல்லிக்கொண்டே, மற்றக் கையை நீட்டி, விசையை அழுத்தினாள்.

அவள் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். அது பொய் என்று தெரிந்துகொண்டே சொன்னது அன்றுதான். தொலைபேசியை வைத்தபோது அவள் கண்ணெல்லாம் தண்ணீர். ஹியூபேட் தன் கதிரையை விட்டு எழுந்து அவளை அதில் இருத்தினார்.

"பின்னேரம் நான் நேர போய் அவவிட்டச் சொல்றன்" என்றார் பிறகு, மெதுவாக.

"போய்ச் சொல்லுங்க. நல்லா ஏச்சு வாங்குங்க. இப்ப தள்ளி நில்லுங்க, அந்தப் பிள்ளைக்கு இடம் விடுங்க!"

ரதி மௌஸைத் தொட்டாள். அம்பு தண்ணீரில் மீன்போல ஓடியது. பன்னிரண்டு இருபத்தேழு. உறையைத் திறந்தாள், உடனே திறந்தது. பதிவாளருக்கு முன்னால் திலக்ஷன் பேனையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அது ஒன்று. அவனுடைய தாய் கண்ணைத் துடைக்கிறார். அது ஒன்று. இவள் அவனிடம் ஏதோ ஏசிக்கொண்டிருக்கும்போது எடுத்தது ஒன்று, வாய் கோணலாக இருந்தது. அதையும் எடுத்தாள். இருபத்தைந்து சேர்ந்ததும் சிறிதாக்கி, பெயர் எழுதி, ஏற்றத் தொடங்கினாள். பன்னிரண்டு நாற்பத்தாறு.

நீலக்கோடு ஊர்ந்தது. பௌஸி போகாமல் நின்று, "எழுபது... எழுபத்திரெண்டு..." என்று எண்ணினார். "நானா, எண்ணாதேங்கோ, பயமாக் கிடக்கு" என்றாள் ரதி. பிறகு அவர் வாய்க்குள் எண்ணினார்.

பன்னிரண்டு ஐம்பத்துமூன்றுக்குத் திரையில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. கிடைத்தது என்று அதற்கு அர்த்தம். ரதி அதை நான்கு தரம் வாசித்தாள். கைபேசியால் படம் எடுத்தாள். பிறகு அந்தக் கதிரையிலேயே பின்னால் சாய்ந்து, திலக்ஷனுக்கு அழைத்தாள்.

அங்கே விடிய மூன்றரையாகப் போகிறது. முதல் மணி முழுதாக அடிக்கமுன் எடுத்தான்.

"போட்டாச்சு" என்றாள்.

"ஏனப்பா இவ்வளவு நேரம்? நான் இஞ்ச விறைச்சுப்போய் இருக்கிறன். காலமையே போனனீர், அப்பிடி என்ன செய்தனீர் அங்க?"

ரதி கடையைச் சுற்றிப் பார்த்தாள். பல் வைத்தியரின் துளைப்பு மறுபடி தொடங்கியிருந்தது. செலீன் சேலைத் தலைப்பால் முகம் துடைத்தாள். ஹியூபேட், பின்னேரம் போக வேண்டிய வீட்டின் விலாசத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டிருந்தார். எங்கே தொடங்கிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பிறகு சொல்றன்" என்றாள். "நீங்கள் முதல்ல படுங்கோ."

அவன் படுக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தார்கள், சுவர் மணிக்கூட்டில் ஒரு மணி தாண்டும்வரை.